வளர்ற கோடு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெயர் மூச்சக்கா. இருபத்திரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் "மூச்சை அடக்குங்க, ஆடாதீங்க" என்று சொல்லியே காலம் போனவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? படத்தை ஒரு பார்வை பார்த்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவாள். புது டாக்டர்கள்கூட நைசாக வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாகப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பத்து வயது மகள் மாடிப்படியில் உருண்டு விழுந்து இடது முழங்கால் வீங்கி நின்றாள். மூச்சக்கா தானே படம் எடுத்தாள். தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு கறுப்புக் கோடு. பிள்ளைகளுக்கு எலும்பு நீள்வதே அந்த இடத்தில்தான். அங்கே இருப்பது குருத்தெலும்பு, படத்தில் வெறும் கோடாகத்தான் விழும். ஆயிரம் பிள்ளைகளிடம் பார்த்த கோடு. "ஒண்ணுமில்லடி, வளர்ற கோடு" என்று வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். கோடு வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலம். வலது காலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தால் அது விரிசல் என்று பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். ஊரார் பிள்ளை என்றால் எடுத்திருப்பாள், டாக்டரிடமும் அனுப்பியிருப்பாள். சொந்தப் பிள்ளைதானே, அவளே பார்த்தாயிற்றே!

வீக்கம் வடிந்தது, மகள் ஓடியாடினாள், எல்லாரும் மறந்தே போனார்கள். இப்போது நடந்தால் இடுப்பு இடது பக்கம் சாய்கிறது. பள்ளிக்கூட ஸ்கர்ட்டும் ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறது.

இன்று இரண்டு முழங்கால்களையும் மூச்சக்காவே சேர்த்து எடுத்தாள். வலதில் கோடு இருந்தது. இடதில் இல்லை. எலும்பு மூடிக்கொண்டுவிட்டது. படத்தை எடுத்துக்கொண்டு மகளோடு எலும்பு டாக்டர் அறைக்குப் போனாள்.

"இனி இந்த இடத்துல வளராது. இப்பவே ரெண்டு சென்டிமீட்டர் குறையுது, இன்னும் கூடும். ஆபரேஷன் பத்திப் பேசணும்" என்றார் டாக்டர். "விழுந்தப்பவே காட்டியிருக்கலாமே. அன்னைக்கு யார் பார்த்தது?"

மூச்சக்கா வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"யாரும் பார்க்கல டாக்டர். நான்தான் அம்மாகிட்ட சொல்லாம மறைச்சுட்டேன்."

"அடக் கடவுளே! அம்மா கண்ணுல பட்டிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பாங்களே. இப்படியா பண்ணுவ?"

டாக்டர் திட்டினார். நன்றாகவே திட்டினார். மகள் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

மூச்சக்கா சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் மகளின் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.