யார் அனுப்பினார்கள்?

பிள்ளையார்குப்பத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஃபாஸ்ட் ஃபுட் கடை வைத்திருக்கிறேன். அடுப்பில் நிற்கும் தம்பி நேபாளத்துக்காரர். வந்து ஆறு வருஷத்தில் எங்கள் ஊர்த் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுகிறார். அவர் நாட்டில் இளவட்டங்கள் தெருவில் இறங்கி அரசாங்கத்தையே கவிழ்த்த வாரத்தில், என் கடையில் வியாபாரத்தைவிட வெளியுறவுப் பேச்சுதான் அதிகம் நடந்தது.

தலைமை வகித்தவர் ஒரு மடுகரை விவசாயி. மச்சான் வார்டில் படுத்திருந்ததால், மனைவி காய்ச்சிக் கொடுக்கும் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு தினமும் மாலை வருவார். முதலில் என் கடையில் ஒரு டீ. "எல்லாம் அமெரிக்காக்காரன் வேல" என்று அவர் ஆரம்பித்தால், அடுத்த பெஞ்சு "சைனாக்காரன்" என்னும். நான் மட்டும் சும்மா இருப்பேனா? "டெல்லிக்குத் தெரியாம நடக்குமா?" என்று என் பங்குக்கு அவிழ்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஃப்ரைட் ரைஸ் வாயில் வைக்க முடியவில்லை.

"இன்னா தம்பி, இன்னிக்கு இப்படி உப்புக் கரிக்குது?"

"தங்கச்சி ஊர்வலத்துக்குப் போச்சுக்கா. முந்தாநாள்லேர்ந்து போனு எடுக்கல."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முன்பொரு முறை தண்ணீர் கேட்டு நாங்கள் பெண்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தபோது, எந்தக் கட்சி எங்களைத் தூண்டிவிட்டது என்றுதான் ஊரே கேட்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது யாருக்கும் போதுமான காரணமாகத் தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதே வாயால்தான் டெல்லியை இழுத்திருந்தேன். "கோவம் வர்றதுக்கு யாரும் தூண்டிவிட வேணாம்" என்றேன்.

விவசாயி விடவில்லை. "அப்ப வெளிநாட்டுக்காரனுக்கு இதுல சம்பந்தமே இல்லயாபா?"

"இல்லாம இன்னா சார்? நான் படிக்கும்போது இந்தியா எல்லைல லாரியெல்லாம் நின்னுபோச்சு. கேஸு வரல. எங்கம்மா வெறகு வச்சுதான் சமைச்சாங்க. கோவம் எங்களுதுதான். ஆனா ரெண்டு பெரிய வூட்டுக்கு நடுவுல இருக்கறோம். கத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் பாத்துக்கணும். கத்தி முடிச்சப்புறமும் பாத்துக்கணும்."

அதற்குள் தம்பியின் போன் அடித்தது. வீடியோவில் தங்கை! கூட்டத்தில் போன் தொலைந்துபோய், இப்போது தோழியின் போனில் பேசினாள். அண்ணன் கரண்டியைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம்.

"உன்ன யாரு அனுப்புனாங்கன்னு கேளுபா," என்றார் விவசாயி.

தம்பி கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னாள்.

"யாரும் அனுப்பலயாம். அம்மா கதவப் பூட்டிட்டாங்களாம், ஜன்னல் வழியா குதிச்சுப் போச்சாம். உங்கள இங்க யாரு அனுப்புனதுன்னு கேக்குது சார்."

விவசாயி காலடியில் இருந்த தூக்கைப் பார்த்தார். கஞ்சி எப்போதோ ஆறியிருக்கும். "ஐயோ, வூட்டுல கொன்னுடுவா" என்று தூக்கோடு ரோட்டைத் தாண்டி ஓடினார்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார். அன்று போட்ட நூடுல்ஸில் உப்பே இல்லை. நாங்கள் எல்லாரும் வாயைத் திறக்காமல் தின்று முடித்தோம்.