சோலைமலையும் பேசாத பையும்

பைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறார் சோலைமலை. பேகம்பூர் கடைத்தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவருக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தையல் வழியே எங்காவது வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கிறாராம். "இன்னைக்கு வெளிச்சம் உள்ள வந்தா நாளைக்கு நட்டு வெளிய போகும் சார்" என்று பைக்குள்ளிருந்தே எனக்கு விளக்கம் வருகிறது.

நான் ஒரு புகையிலைக் கம்பெனியில் டைப் அடிக்கிறவன். சோலைமலைக்கு அடுத்த வீடு. போதாக்குறைக்கு என்னிடம் சைக்கிள் வேறு இருக்கிறது. இந்த இரண்டு குற்றங்களுக்காகவும் பை வாங்கப் போகும்போதெல்லாம் என்னை இழுத்துக்கொண்டு போவார். ஐந்து வருஷத்தில் நாலு பை பார்த்தாகிவிட்டது. மனிதர் தன் கல்யாணத்துக்குக்கூட இத்தனை யோசித்திருக்க மாட்டார்.

அவருக்குத் தொழில் ஆயில் எஞ்சின் ரிப்பேர். குஜிலியம்பாறையிலிருந்து கன்னிவாடி வரைக்கும் எந்தக் கிணற்று மேட்டில் எஞ்சின் இருமினாலும் இவரைத் தேடித்தான் ஆள் வரும். புதுச் சாமான் வேண்டுமானால் மதராசுக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பயிர் அதுவரை காத்திருக்காது. அதனால் செத்துப்போன எஞ்சினில் கழற்றி உயிரோடு இருக்கிற எஞ்சினில் மாட்டுவது அவர் வழக்கம். செத்த எஞ்சின்கள் எல்லாம் மீரான் ராவுத்தரின் காயலான் கடையில் கிடக்கின்றன.

ராவுத்தர் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கழற்ற வருகிறவன் உள்ளே போகும்போதே பையைத் தராசில் வைத்து, இத்தனை ராத்தல் என்று சாக்பீஸால் பையின் மேலேயே எழுதிவிடுவார். திரும்பும்போது மறுபடியும் தராசு. "நடுவுல ஏறுனது என் இரும்பு" என்பார். என்ன எடுத்தாய் என்று பையைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

இந்தச் சட்டம்தான் சோலைமலைக்குப் பைப் பைத்தியம் பிடிக்கக் காரணம். முதலில் பட்டாளத்துக் காக்கிப் பை வைத்திருந்தார். ஒருநாள் காயலான் கடைக்குள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பை குடித்த தண்ணீருக்கும் சேர்த்து இரும்பு விலை கொடுத்துவிட்டு வந்தார். அடுத்தது தோல் பை. சரியாகப் பதப்படுத்தாத தோல். போகிற ஊருக்கெல்லாம் நாய்கள் முறை வைத்துக்கொண்டு கூடவே வந்து வழியனுப்பின. அப்புறம் ஒரு தகரப் பெட்டி. அவர் தெருமுனையில் திரும்பும்போதே சாமி புறப்பாடு என்று குழந்தைகள் வெளியே ஓடிவந்தன.

பட்டதையெல்லாம் வைத்துப் பைக்கு ஓர் இலக்கணமே எழுதி வைத்திருக்கிறார். பை கனக்கக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, பேசக் கூடாது. பேசுவது என்றால் உள்ளே சாமான்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடுவது. கடையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்து, காதைச் சாய்த்துக் கேட்பார். கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு தாங்காது. "வாயத் தெறந்தா வயிறு தெரியணும் சார், தேடுற கை நின்னுரக் கூடாது" என்பது அடுத்த விதி. இத்தனையும் பொருந்தி வந்தாலும் கடைசியில் பெரிய ஸ்பேனரில் வந்து முட்டும். ஒன்றே கால் அடி நீளம். சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்தது. பிடியில் தன் பெயரைப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைத்திருக்கிறார். "எம் மூத்தவன் சார்" என்றுதான் அதைச் சொல்வார். மூத்தவன் எந்தப் பையிலும் அடங்குவதில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை. கன்னிவாடிப் பக்கத்திலிருந்து ராமுத்தாய் என்ற பெண் வந்து நின்றாள். கையில் வேரோடு பிடுங்கிய மிளகாய்ச் செடி, இலையெல்லாம் தொங்கிப்போய். "நாசில் போச்சுன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்கு வந்துட்டீக. எஞ்சின் நின்னு நாலு நாளாச்சுண்ணே. வெள்ளிக்கெழம பொழுதுக்குள்ள தண்ணி பாயலைன்னா அம்புட்டும் வெறகுதேன்" என்றாள். புருஷன் இல்லாதவள். அந்த ஒரு ஏக்கர் மிளகாயை நம்பித்தான் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தாள். நாசில் என்பது எஞ்சினுக்குள் எண்ணெயைப் பீச்சுகிற மூக்கு; அது கெடாமல், அதே கம்பெனி எஞ்சின் ஒன்று ராவுத்தர் கடையில் குப்புறக் கிடந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அதுவும் மற்ற இரும்போடு லாரி ஏறிவிடும்.

வேறு யாராயிருந்தாலும் அந்த நிமிஷமே ஓடியிருப்பார்கள். சோலைமலையின் தகரப் பெட்டி அந்த வாரம் பார்த்து அடி கழன்றிருந்தது. ஆகவே வியாழக்கிழமை முழுதும் பை தேடினார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். "சாக்குல போட்டா சின்னச் சாமானெல்லாம் அடியில போயிப் படுத்துக்கிரும் சார். லாரிக்காரன் தலைக்கு மேல நிக்கும்போது தேடிக்கிட்டா இருக்க முடியும்?" என்றார். அவர் மனைவி பேச்சாயி வாசலிலிருந்தே கத்தினாள்: "பை தேடுற நேரத்துக்கு அந்த எஞ்சினையே தோள்ல தூக்கியாந்துருக்கலாம்!"

முதலில் சொன்ன தலை நுழைப்பு அன்றைக்கு நடந்ததுதான். கடைக்காரர் பக்ருதீன் ஜட்கா குதிரைகளுக்கு வார் தைக்கிறவர், நல்ல பொறுமைசாலி. ஓய்ந்துபோன ஒரு ஜட்காவின் மெழுகுத் துணியை வெட்டி, அடியில் மட்டும் தோல் கொடுத்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அறை பிரித்து, மூத்தவனுக்குக் குறுக்காக ஓர் உறையும் வைத்துப் பொழுது சாய்வதற்குள் தைத்துக் கொடுத்துவிட்டார். தூக்கிப் பார்த்தால் கனக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியும் குடிக்கவில்லை. பத்தடி நடந்தார், பை மூச்சு விடவில்லை. "பக்ருதீன் பாய், நீங்க நல்லாயிருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் சோலைமலை.

மறுநாள் பதினொரு மணிக்குக் காயலான் கடைக்குப் போனோம். லாரி முன்னாலேயே வந்து பாதி ஏற்றியிருந்தார்கள். ராவுத்தர் பையைத் தராசில் மாட்டி, 'பதினாறு' என்று எழுதினார். சோலைமலை உள்ளே ஓடினார். நாசிலுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதில் துருவேறிய நட்டு. "செத்த நேரம் பொறு அப்பு, ஒத்த நட்டுதேன்!" என்று அவர் கெஞ்சுவதும், "ஏலே, சங்கிலி மாட்டியாச்சு, வெளிய வா!" என்று லாரி ஆட்கள் அதட்டுவதும் வாசலில் நின்ற எனக்குக் கேட்டன. அவர் நாசிலை உருவிக்கொண்டு குதித்ததும் எஞ்சின் மேலே எழும்பியதும் ஒரே சமயத்தில் நடந்தன. லாரி புறப்பட்டுத் திருச்சி ரோட்டுப் பக்கம் திரும்பியது. அவர் நிதானமாக நாசிலை மண்ணெண்ணெயில் கழுவி, ஊதிப் பார்த்து, துணி சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

ராவுத்தர் எடை போட்டார். பதினாலரை. சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தார், மறுபடி தராசைப் பார்த்தார்.

"பாத்தீகளா சார்! இரும்பு ஏறியும் எட கொறையுது. பைன்னா இது பை!" என்று சோலைமலை என் பக்கம் திரும்பினார்.

"பை என்னப்பா பண்ணும்? என் இரும்ப எடுத்துக்கிட்டு ஒன் இரும்ப வச்சுட்டு வந்துருக்க. என் சட்டப்படி பாத்தா நாந்தேன் ஒனக்குக் குடுக்கணும். எண்ணிப் பாரு" என்றார் ராவுத்தர்.

சோலைமலை பையைத் திறந்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. குறுக்கு உறை காலி. நட்டைக் கழற்றப் போட்ட இடத்திலேயே, பட்டைக்கும் எஞ்சின் சக்கரத்துக்கும் நடுவில் இறுகிக்கொண்ட மூத்தவன் எஞ்சினோடு லாரி ஏறிவிட்டான். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"ரயில் கேட்டு சாத்தியிருப்பான். சைக்கிள்ல போனா புடிச்சிரலாம், ஓடு!" என்று ராவுத்தர் விரட்டினார்.

மணி பன்னிரண்டு. கன்னிவாடி பஸ் பன்னிரண்டேகாலுக்கு. அதை விட்டால் பொழுது இறங்கித்தான் அடுத்த பஸ். சைக்கிளை லாரி போன திசைக்கே திருப்பிப் பிடித்தேன். அவர் பையை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"லாரிதானே அண்ணே?" என்றேன்.

தூரத்தில் லாரி கிளப்பிய புழுதி இன்னும் அடங்காமல் நின்றது. நான் பெடலில் காலை வைத்தேன். கிரீஸ் அப்பிய ஒரு கை என் தோளுக்கு மேலே நீண்டு வந்து, ஹாண்டில்பாரைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பியது.