அடுப்புக்கு ஒரு வீடு

வக்கீல் குமாஸ்தான்னா பொய்யை நிஜம் மாதிரி எழுதறவன்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் சுலபமுங்க. நிஜத்தை நிஜம்னு நம்ப வைக்கறதுதான் உயிரை வாங்கும். கோர்ட்டு வராந்தாவுல குப்பை கொட்டினவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நான் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்காரன். எமர்ஜென்சிக்கு முந்தி தேவிகுளத்துல ஒரு மலையாளி வக்கீல்கிட்ட இருந்தேன். ஒரு மாசியில சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து முதலாளியோட ஆளுங்க புல்மேட்டுக்குத் தீ வெச்சாங்க. காத்து திரும்பி மலையே பத்திக்கிச்சு. கீழே இருந்த தொழிலாளிகளோட புல்லுக் குடிசை அத்தனையும் ஒரே மத்தியானத்துல சாம்பல். நல்லவேளை, உயிருக்குச் சேதமில்லை. தொழிலாளிங்களுக்காக நாங்க கேஸ் போட்டதும் முதலாளி ராஜிக்கு வந்தார். ஒரே கூரைக்கடியில ரெண்டு மூணு குடும்பம் இருந்ததால, கூரைக் கணக்கு ஆகாதுன்னு எங்க வக்கீல் அடம் பிடிச்சு, அடுப்புக்கு ஒரு ஓட்டு வீடுன்னு பேசி முடிச்சார். எத்தனை அடுப்பு இருந்ததுன்னு காட்ட வேண்டியது எங்க பொறுப்பு.

மாடியேறின சாட்சிகள்

ரேஷன் கார்டெல்லாம் எரிஞ்சு போச்சு. வீட்டுல மிஞ்சினது எதுவானாலும் சாட்சிக்குக் கொண்டாங்கன்னு வக்கீல் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஜீப்பு ஜீப்பா வந்து இறங்கினாங்க. ஆளுக்கொரு அம்மிக்கல்லு! தீயில வேறென்னங்க மிஞ்சும்? இது எங்க அம்மி, தேய்ஞ்ச பள்ளத்தைத் தடவினாலே தெரியும்னு ஒவ்வொருத்தியும் சத்தியம் பண்றா. எங்க ஆபீஸோ டீக்கடைக்கு மேலே பலகை மாடி. பத்தாவது கல்லு ஏறினப்ப பலகை முனகுச்சு. டீக்கடைக்காரர் கிளாஸோட வெளியே ஓடி வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"குமாஸ்தா சார், மாடி விழுந்தா அதுக்கும் நீங்களே கேஸ் நடத்துவீங்களா?"

ஏழு வருஷத்துச் சாக்குத் திரை

பேச்சியம்மாளும் மருமக வள்ளியும் ரெண்டு அம்மி கொண்டு வந்திருந்தாங்க. ஒரே குடிசை, நடுவுல சாக்குத் திரை, ரெண்டு பக்கமும் தனித்தனி அடுப்பு. ஏழு வருஷமாப் பேச்சு கிடையாது. மகன் மட்டும் காலையில அம்மாகிட்ட, ராத்திரி பெண்டாட்டிகிட்டன்னு சாப்பிட்டுக் கொழுத்தவன். ரெண்டு வீடு கிடைக்கலைன்னா மூணு பிள்ளைங்களையும் சேர்த்து ஆறு பேரும் ஒரே அறைக்குள்ளதான் அடையணும்.

இதுல சிக்கல் என்னன்னா, ரெண்டு பேரும் ராசியாகித் தொலைச்சிருந்தாங்க. தீ வந்தப்ப பேச்சியம்மா காய்ச்சலோட குடிசைக்குள்ள கிடந்திருக்கு. வள்ளி தோட்டத்துலேருந்து ஓடி வந்து, பேசாத மாமியாரை முதுகுல தூக்கிக்கிட்டு ஓடியிருக்கா. அன்னியிலேருந்து, தங்கறதுக்குப் போட்ட கொட்டகையில ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு. ஏனுங்கம்மா, முன்னாடி தனியா இருந்ததைச் சொல்றதுல என்ன தப்புன்னு கெஞ்சினேன். அந்தம்மா முறைச்சுது.

"உசுரக் காப்பாத்துன புள்ளகூட ஏழு வருசம் பேசாமக் கெடந்தேன்னு கோர்ட்டுல சொல்லச் சொல்லுதீகளா?"

கமிஷன் கேட்ட சண்டை

கணக்கெடுக்கக் கோர்ட்டு அனுப்பின கமிஷன் ஒரு இளவட்ட மலையாளி வக்கீல். சாம்பல் மேட்டுல நின்னு, இங்கே அடுப்பு எத்தனைன்னு கேட்டார். ஒண்ணுதான், எம் மருமக தங்கம்னுது பேச்சியம்மா. முதலாளியோட கணக்குப்பிள்ளை சிரிச்சான். அப்புறம் எதுக்கு ரெண்டு அம்மின்னார் கமிஷன். ஒண்ணு மருந்து அரைக்கன்னு கூசாம ஒரு புளுகு.

வள்ளிக்குப் பொறுக்கலை. ஏழு வருஷத்துல ஒரு கரண்டி குழம்பு இந்தப் பக்கம் வந்ததில்லை, அய்யா எழுதிக்கோங்கன்னா. உப்பில்லாத குழம்பு வைக்கிற உனக்கு என் குழம்பு கேக்குதாக்கும்னு பேச்சியம்மா சீறுச்சு. அவ்வளவுதான், ஏழு வருஷத்துக் கணக்கும் வெளியே வந்துருச்சு. காணாமப் போன கருவாடு, சாக்கை யாரு கிழிச்சது, எல்லாமே. அரை மணி நேரம் எழுதின கமிஷன் பேனாவை மூடிட்டு, போதும்னு மலையாளத்துல சொல்லி ரெண்டு கையையும் தூக்கினார்.

"மதி, மதி. அடுப்பு ரெண்டு. சம்சயமே இல்லை."

ரேகை வெச்ச பிறகு

ஜீப்பு திரும்பறதுக்குள்ள வள்ளி உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தா. பேச்சியம்மா முந்தானையால அவ முகத்தைத் துடைச்சு, வீடு வேணும்லா, விடு தாயின்னுது. கோபமெல்லாம் நிஜமா நடிப்பான்னு இன்னிவரைக்கும் எனக்கு விளங்கலை.

ராஜிப் பத்திரத்துல ரெண்டு பேரும் ரேகை வெச்சாங்க. ரெண்டு அடுப்பு, ரெண்டு வீடு. மை காயறதுக்குள்ள பேச்சியம்மா என் மேஜைகிட்டக் குனிஞ்சு ரகசியமாக் கேட்டுது.

"ரெண்டு வீட்டையும் ஒட்டிக் கட்டச் சொல்லுங்கய்யா, அடுப்பு மட்டும் எங்களுக்கு ஒண்ணு போதும்."

முப்பது வருஷ உத்தியோகத்துல நான் பாடுபட்டு நிரூபிச்ச ஒரு நிஜம், முத்திரை விழறதுக்கு முன்னாடியே பொய்யாப் போய், அதுக்கு நானே சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதானுங்க.