அடுத்த வீட்டுத் தறியும் என் அரைமணி அமைதியும்

போன வருஷம், கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறன்று எங்கள் சபைப் போதகர் ஒரு கேள்வி கேட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் தினமும் அரைமணி நேரம், எதையும் கேட்காமல், ஆண்டவர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? முதலில் உயர்ந்த கை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் நான். பிள்ளைகளைக் கை தூக்கச் சொல்லிச் சொல்லி எனக்கே அது வியாதியாகிவிட்டது.

அப்போது சேவூரில் வாடகைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த வீட்டு ஜன்னல். அதற்குள் ஒரு தறி. அதில் பட்டு நெய்பவர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. நாங்கள் இருவரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கண்களை மூடினேன். டடக், டடக், டடக். செவ்வாய்க்கிழமை சத்தம் கூடியது. புதன்கிழமை, “ஆண்டவரே, அந்தத் தறியை மட்டும் கொஞ்சம் பாருங்க” என்று கேட்டே விட்டேன். எதையும் கேட்கக்கூடாது என்ற விதி அன்றோடு போயிற்று.

வியாழக்கிழமை பஜாரில் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். ஜன்னலில் அதைத் தெருப் பக்கம்கூட வைக்கவில்லை, தறியைப் பார்த்தே வைத்தேன். இருப்பதிலேயே வேகமான கிறிஸ்துமஸ் பாட்டுகளாகத் தேடி, முழுச் சத்தத்தில் போட்டேன். தெருநாய் எழுந்து வேறு தெருவுக்குப் போனது. எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. அதுதான் சமாதானம் என்றுகூட நினைத்தேன்.

நான்கு நாள் இது நடந்தது. ஐந்தாம் நாள் கதவு தட்டப்பட்டது. அந்த அக்காவேதான். சண்டைக்கு இரண்டு பதில்களைத் தயார் செய்துகொண்டு திறந்தேன்.

“டீச்சர், கோச்சிக்காதீங்க. பாட்டெல்லாம் நல்லாத்தான் கீது. ஒன்னே ஒன்னுதான், எல்லாமே ரொம்ப ஜல்தியா போவுது. அத கேட்டுகினே நெய்ஞ்சா கையும் அது கூடவே ஓடுது, இழை அறுந்துபோவுது. கொஞ்சம் மெதுவா கீற பாட்டா போடுறீங்களா? எனக்காகத்தான போடுறீங்க?”

“ஆமாங்க்கா” என்றேன். அட்வெந்து காலத்தில், வாய் கூசாமல்.

அன்று மாலை மெதுவான பாட்டாகப் போட்டேன், தறியும் அதற்கு ஏற்ற மாதிரி மெதுவாக ஓடியது. என்னால் ஐந்து நிமிஷம்கூட உட்கார முடியவில்லை. சத்தம் ஒரு தொந்தரவாகவே இல்லை. அந்த “ஆமாங்க்கா”தான் குடைந்தது. எழுந்து அவர் வீட்டுக்குப் போய், தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்களை எரிச்சல்படுத்தத்தான் போட்டேன், மன்னிச்சிடுங்க என்றேன்.

அவர் தறியை நிறுத்தினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

“நான் மட்டும் இன்னா யோக்கியமா? ரெண்டு மாசமா பக்கத்துல கீறீங்க, ஒரு வார்த்த பேசல. அஞ்சு மணியானா கண்ண மூடிகினு பெரிய சாமியார் மாதிரி ஒக்காருவீங்க. பாத்தா பேஜாரா இருந்திச்சி. வேணும்னுதான் தறிய ஓங்கி மிதிச்சேன்.”

இருவரும் சிரித்து ஓய்ந்தபோது வீடு நிசப்தமாக இருந்தது.

“கண்ண மூடிகினு உங்க சாமிகிட்ட இன்னா கேப்பீங்க?”

“ஒன்னும் கேக்கக்கூடாதுக்கா. அவர் கூட சும்மா இருக்கணும், அவ்ளோதான்.”

“சும்மா இருக்கறதுக்கா இவ்ளோ சண்ட?” என்றவர், தறியை விட்டு இறங்கி என் பக்கத்தில் சுவரில் சாய்ந்தார். “சரி, நானும் இருந்து பாக்கறேன்.”

இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனார். லேசான குறட்டை. அந்தக் குறட்டையைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தபோதுதான், ஒரு வாரமாகக் கண்ணை இறுக்கி மூடித் தேடிய அமைதி எனக்கு வந்தது. நன்றி என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை.

அதன்பின் தினமும் ஐந்து மணிக்கு அவர் என் வீட்டுக்கு வந்தார். மூன்று நாள் தூங்கினார். நான்காம் நாள் தூங்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவுமில்லை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பின்னால் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மனிதர் போனைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

“இவருக்கும் கொஞ்சம் சமாதானம் வேணுமாம், டீச்சர்” என்று சொல்லி, போனைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.