மண்ணரிப்பு காணப்படவில்லை

2024ஆம் ஆண்டு, மே மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. காற்று அடியோடு நின்றிருந்தது. தென்மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தது. மழை மட்டும் இன்னும் இறங்கவில்லை. தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் சந்திரமதியின் நிலத்தைப் பார்வையிட அரசுப் பணியாளர் வருவதாக இருந்தது அன்றுதான்.

ஓடையை நோக்கிச் சரியும் அரை ஏக்கர் பாக்குத் தோப்பு அது. மூன்று மழைக்காலங்களில் கீழ்வரிசையிலிருந்து பதினொரு மரங்கள் ஓடைக்குள் சாய்ந்துவிட்டன. கரையில் ஒரு கருங்கல் சுவர் எழுப்பினால் எஞ்சியவை நிற்கும். கணவரை இழந்த சந்திரமதிக்கும் மகள் நளினிக்கும் அந்தத் தோப்பே சோறு. சுவரோ அவர்கள் கைக்கு எட்டாதது.

மண்ணைக் காக்க அரசு உதவி உண்டு என்பதை ஊரில் அனைவரும் அறிந்திருந்தனர். எங்கே உண்டு என்பதை ஒருவரும் அறிந்திருக்கவில்லை. முதல் அலுவலகம் ஓடையைக் காரணம் காட்டித் தாயையும் மகளையும் இரண்டாவதற்கு அனுப்பியது. இரண்டாவது, மரங்களைக் காரணம் காட்டி மூன்றாவதற்கு அனுப்பியது. மூன்றாவது, முதல் அலுவலகத்துக்கு மிகத் தெளிவாக வழி சொன்னது. எல்லோரும் மரியாதையாகவே பேசினர். ஓரிடத்தில் தேநீரும் கிடைத்தது. நான்காம் முறையாக முதல் அலுவலகத்துக்கே திரும்பிச் சென்றபோது, வெள்ளையடிப்பதற்காக அங்கிருந்த அலமாரியை நகர்த்தியிருந்தனர். அதன் பின்னால் அறிவிப்புப் பலகை இருந்தது; பலகையில் அந்தத் திட்டம் இருந்தது. அலமாரி பழைய இடத்துக்குத் திரும்புமுன் நளினி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது, பார்வைக்கு நாளும் குறிக்கப்பட்டது. அதன் பிறகுதான் சந்திரமதி ஒரு தவறு செய்தார்.

அவர் நிக்கோபாரின் கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர் அவருக்கு ஒரு சட்டத்தை விட்டுச் சென்றிருந்தனர்: மேலாள் பார்க்க வருமுன் மலை, அதாவது வேலை செய்யும் தோட்டநிலம், ஒழுங்காக இருக்க வேண்டும். சுனாமிக்குப் பின் அவர் கட்சாலை விட்டு வந்தபோது சட்டமும் கூடவே வந்தது. ஆகவே தாயும் மகளும் பன்னிரண்டு நாள் மண்வெட்டி பிடித்தனர். சரிவுக்குக் குறுக்கே, மழைநீர் நின்று வடியும்படி, தோட்டத்து முறையில் நாற்பது குழிகள் வெட்டினர். இடையிடையே புல் பதித்தனர். இடிந்த கரையைச் செதுக்கி மூங்கில் முளைகள் அடித்தனர். குழிகள் மேல்மண்ணைப் பிடிக்கும். ஓடை வெள்ளத்தைத் தடுக்கமாட்டா. அதற்குச் சுவர்தான் வேண்டும்.

வந்தவர் சிவபிரகாஷ், போர்ட் பிளேயரிலேயே பிறந்து வளர்ந்த, பேச்சில் இந்தி கலக்கும் களப்பணியாளர். மண்ணரிப்பு தெரியும்படி மூன்று படங்கள் எடுப்பது அவர் கடமை. தோப்பை இருமுறை சுற்றினார், அரிப்பு அகப்படவில்லை.

“அம்மா, எதைப் படம் எடுக்கறது? இங்க சப் குச் டிப்டாப்பா இருக்கு.”

“பின்ன, நீங்க வாறது தெரிஞ்சும் போட்டது போட்டபடி கிடக்க விடுவமா?” என்றார் சந்திரமதி.

நளினி ஓடைக்குள் கிடந்த மரங்களைக் காட்டினாள். ஓடை தம் படிவத்தில் இல்லை என்று அவர் வருத்தத்துடன் விளக்கினார். பிறகு, ‘நிலம் மிகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டுள்ளது, உதவி தேவையில்லை’ என்று எழுதினார். ஒரு விவசாயிக்கு அரசுத் தாளில் அதைவிட உயர்ந்த பாராட்டு கிடைப்பதரிது. பயிற்சி வகுப்பில் காட்டுவதற்கென்று, குழிகளைப் பன்னிரண்டு படங்களும் எடுத்துக்கொண்டார்.

ஆயினும் கையொப்பமிடாமல் நின்றார். நல்ல மனிதர்.

“தேக்கோ அம்மா, இதுல நான் இன்னும் சைன் போடல. குழியை எல்லாம் மூடிட்டு, முளையைப் பிடுங்கிடுங்க. பஸ், ஒரே ஒரு மழை போதும். அரிச்சதும் ஃபோன் பண்ணுங்க, ஓடி வந்து படம் எடுத்துடறேன். சுவர் பக்கா.”

ஒரு மழைக்கு எத்தனை மரம் போகும் என்று சந்திரமதி கேட்டார். சிவபிரகாஷ் கீழ்வரிசையைக் கண்ணால் எண்ணி, நான்கோ ஐந்தோ போகலாம் என்றார். மீதிக்குத்தான் சுவர் வருமே என்று தேற்றினார். நளினி கொப்புளம் கண்ட உள்ளங்கைகளை முந்தானையில் மறைத்துக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

“மூடிடறீங்களா, அம்மா?”

“இல்ல தம்பி, மூட மாட்டம். நீங்க சைன் போடுங்க.”