மூன்றாவது தடவை கேட்ட கேள்வி

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் ஒரு தேவாலய மண்டபத்தை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பின்னேரங்களில் எங்களுக்குத் தருவார்கள். புதிதாக நாடகம் எழுதுகிறவர்கள் பிரதியோடு வருவார்கள். நாங்கள் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்போம். விருப்பமானவர்கள் வந்து கேட்கலாம். எழுதியவர் மட்டும் வாசிப்பு முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. பிரதியை முன்கூட்டியே படித்து, எங்கே வெட்டலாம், எங்கே வளர்க்கலாம் என்று எழுதியவரோடு பேசுவது என் வேலை.

அப்படி வந்தவர்களில் ஒருவர், பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பழைய டயறி ஒன்றில் நாடகத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாசிப்புக்காக அதைப் போட்டோப் பிரதி எடுத்தோம்.

நாடகத்தில் இரண்டே பேர்: காது மந்தமாகிக்கொண்டு போகும் கணவர், அவருடைய மனைவி. காலையில் யாரோ வாசலுக்கு வந்து போகிறார்கள். "யார் வந்தது?" என்று கணவர் கேட்கிறார். மனைவி சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. அதே கேள்வியை மூன்று தடவை கேட்கிறார். எனக்கு அது அலுப்பாகப் பட்டது. பென்சிலால் கோடு போட்டு, "ஒரு தடவை கேட்டால் போதும்" என்றேன்.

"சரிங்க சேர். ஒருக்கா வாசிக்கக் கேட்டுட்டு எடுத்துர்றேன்" என்றார்.

அன்று மனைவியின் பகுதியை ஓர் ஆசிரியை வாசித்தார். முதல் தடவை பதில் சந்தோஷமாக, நீளமாக வந்தது: "பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்துச்சு. நாளைக்கு அதைப் பொண்ணு பாக்க வர்றாங்களாம். வர்றவங்க உக்கார நாலு கதிரை கேட்டுச்சு." இரண்டாம் தடவை உரத்து, பாதியாக: "பக்கத்து வீட்டுப் பிள்ளை! கதிரை!" மண்டபம் சிரித்தது. மூன்றாம் தடவை கேள்வி வந்தபோது ஆசிரியை தாழ்ந்த குரலில் வாசித்தார்: "யாருமில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. "கணவர் தலையாட்டிவிட்டுத் தேநீரைக் குடிக்கிறார்" என்ற மேடைக்குறிப்பை நான் வாசித்தேன்.

அதற்குப் பிறகு வரும் கடைசிப் பக்கத்தையும் வாசித்து முடிந்ததும், பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவர் எழுந்தார். காதில் மெஷின் இருந்தது. ஒரு பிரதியை மடியில் வைத்து, வாசிப்பை வரிவரியாக அதில் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

"எங்கட ஊட்டுக்கும் ரெண்டு வருஷமா ஒத்தரும் வாறல்ல" என்றார். பிறகு பக்கத்திலிருந்த மனைவியின் பக்கம் திரும்பி, "வந்தது யாருண்டு இனி முழுசாச் செல்லு. நான் எத்தின தரமும் கேப்பேன்" என்றார். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா, சிரித்தாரா என்று தெரியவில்லை.

நான் எழுதியவரிடம் போய், "நான் சொன்னது பிழை. அந்த இடத்தில் கை வைக்காதீங்க" என்றேன்.

"அதுல கை வைக்கல்லைங்க சேர். கடைசிப் பக்கத்தை எடுத்துர்றேன்."

கடைசிப் பக்கத்தில் மனைவி தன் தனிமையைப் பற்றிப் பேசும் ஒரு நீண்ட வசனம் இருந்தது. பிரதியிலேயே நான் அதிகம் பாராட்டியது அதைத்தான்.

"அது நல்லா இருக்கே!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அது நான் பேசுறதுங்க சேர், அவங்க பேசல்ல. 'யாருமில்ல'ன்னு சொன்னப்பவே அவங்க எல்லாஞ் சொல்லிட்டாங்க."

பாராட்டுக் கிடைத்த பக்கத்தைக் கிழிக்க மனம் வராமல் வருடக்கணக்காகத் திருத்திக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன். இவர் முதல் வாசிப்பிலேயே, அரை மணி நேரத்துக்குள், அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். முகத்தில் வருத்தம் கூட இல்லை. வேலை முடிந்த களைப்பு மட்டும் இருந்தது.

சில மாதங்களில் கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடகம் மேடையேறியது. தொழிற்சாலைத் தோழிகள் இரண்டு வரிசை நிறைய வந்திருந்தார்கள். கணவர் தேநீர் குடிப்பதோடு விளக்கு அணைந்தது. இன்னும் இருக்கிறது என்று நினைத்து எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். அந்தச் சில விநாடிகளில் நாடகத்தை எழுதியவர் பின்வரிசையிலிருந்து என்னிடம் ஓடிவந்து, "சேர், யாருக்கும் புடிக்கல்லையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது.