கெட்டிலின் உள்பக்க வெள்ளை

அம்மா இறந்த பன்னிரண்டாம் நாளும் அப்பா என் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். சாப்பாடும் பாதிதான். வியாழக்கிழமை நான் கோவை மில்லுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அவர் ஒரு டம்ளராவது முழுதாகக் குடிப்பதைப் பார்த்துவிட வேண்டும்.

அம்மா பெயர் சொர்ணத்தாய். கோவில்பட்டியில் இருபத்தாறு வருஷம் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினாள். காலை ஐந்தரைக்கு, பலகையில் முடுக்கிய கைமிஷினில் காப்பிக்கொட்டை அரைத்து, எனாமல் கெட்டிலில் கொதிக்கவிட்டு, துணியில் வடிகட்டுவாள். நான் வாங்கிக்கொடுத்த மிக்ஸியில் சட்னி மட்டும். எவர்சில்வர் ஃபில்டர் அட்டைப்பெட்டியிலேயே இருக்கிறது. பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன்.

மில்லில் நூலின் தரம் பார்ப்பது என் வேலை. அளந்தேன். கொட்டை இருபது கிராம், தண்ணீர் முந்நூறு மில்லி, நான்கு நிமிடம். மிஷினின் திருகைக் கால் கால் சுற்றாக மாற்றி ஐந்து தடவை. எதுவும் சரிவரவில்லை.

பக்கத்து வீட்டு ரேணுகாதேவி எட்டிப் பார்த்தாள். அம்மாவோடு லேபிள் ஒட்டியவள்.

“என்னட்டி, அடுப்பாங்கரையில பரீட்சையா? தராசு இருக்கு, கடிகாரம் இருக்கு, காப்பியத்தான் காணும்.”

“அம்மா எப்படிப் போடுவான்னு பாத்திருக்கியளா சித்தி?”

“எத்தன நாளு! அரைக்கும்போது நிறுத்தி, திரும்ப மெதுவாச் சுத்துவாவ. பொறவு கெட்டிலுக்குள்ள எட்டி எட்டிப் பாப்பாவ. நான்னா மோந்து பாப்பேன். அக்கா ஒரு நாளும் மோந்ததில்ல.”

மோந்து பார்க்காமல் காப்பியா? அப்பாவிடம் கேட்டேன்.

“அவளுக்கு வாசம் எங்க தெரியும்?” என்றார், சாதாரணமாக. “நீ கைப்பிள்ளையா இருக்கும்போது ஒரு காய்ச்சல். அதோட போச்சு. பால் கெட்டதுகூடத் தெரியாதவ பிள்ள வளக்குதாளாக்கும்னு ஊர் பேசும்னு என்னைய யார்ட்டயும் சொல்லவிடல.”

எனக்கு முப்பத்துநான்கு வயது. எனக்கே தெரியாது. சின்ன வயதில் எனக்குத் தரும் பாலை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள். சூடு பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

கெட்டிலைத் திறந்தேன். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. வெள்ளையில் டிகாஷனின் நிறம் தெரியும், எவர்சில்வரில் தெரியாது. கைமிஷினில் நன்றாக வறுபட்ட கொட்டை சட்டென நொறுங்கும், வறுபடாதது கைப்பிடியை இழுத்துப் பிடிக்கும். மிக்ஸி எதையும் சொல்லாது.

கண்ணும் கையும் சரி. வறுவல்? நான் கடையில் வறுத்த கொட்டை வாங்கியிருந்தேன். அம்மா பச்சைக்கொட்டை வாங்கி வீட்டில்தான் வறுப்பாள். கருகப் போவதை முதலில் காட்டிக்கொடுப்பது வாசனை.

“வறுக்கும்போது என்ன செய்வா?” அப்பாவைக் கேட்டேன்.

“பின்ன நான் எதுக்கு அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சேன்?”

சாயங்காலம் பச்சைக்கொட்டையை இரும்புச்சட்டியில் போட்டேன். அப்பா தானாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கொட்டை வெடிக்கத் தொடங்கியது. நான் மணி பார்த்தேன்.

“அங்க என்னத்தப் பாக்க? கிண்டுட்டி.”

“இறக்கட்டுமா?”

“பொறு.” கண்ணை மூடிக்கொண்டார். புகை எழுந்தது. “இறக்கு.”

அரைத்து, கெட்டிலில் கொதிக்கவிட்டு, வடிகட்டிக் கொடுத்தேன். டம்ளரைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்தார்.

“ஒரு பொடி கசப்பு. நாந்தான் சொல்லத் தாமசிச்சிட்டேன். நாளைக்குக் கொஞ்சம் முந்தியே இறக்குவோம்.”